மரை எங்கே அடைக்கிறது?

வண்டிக்குக் கிட் மாட்டுவோரும் பிட்டிங் விற்போரும் அறிய வேண்டியவை

நமது கம்பம் பள்ளத்தாக்கில் வியாபாரம் பாதி கடையிலும் பாதி சாலையிலும் நடக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய் மலைக்கு ஏறுவதும், ஏலக்காய், மிளகு, காபி கீழே இறங்குவதும் ஜீப்பிலும் லோடு வண்டியிலும்தான். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்துக்கு மூட்டை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறுவதும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவதும் எஞ்சினுக்கு லேசான வேலையல்ல.

ஆகவேதான் வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் 'கொஞ்சம் இழுவை கூடினால் நன்றாயிருக்குமே' என்ற எண்ணம் வருகிறது. டர்போ கிட், ஆயில் கூலர் கிட், கூடுதல் ஆயில் பிரஷர் மீட்டர் என்று பல வகைகள் பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வருகின்றன. இவை நல்லவையா கெட்டவையா என்பது தனி விவாதம். இந்தப் பாடம் அதைப் பற்றியதல்ல. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கிட்டைக் கெடுப்பதும், சில சமயம் எஞ்சினையே கெடுப்பதும் பெரும்பாலும் ஒரு சிறு பித்தளை நிப்பிள்தான். அந்த நிப்பிள் பெரிய கம்பெனியிலிருந்து வருவதில்லை. கிட்டில் வந்தது பொருந்தவில்லை என்று நம் ஊர் ஹார்டுவேர் கடையில், சில சமயம் மளிகையோடு சேர்த்து டேப்பும் கிளிப்பும் விற்கும் நம் கடையிலேயே வாங்கப்படுகிறது. ஒழுகினால் முதல் பழி கடைக்காரருக்கு வருகிறது.

கடைக்கு வரும் மெக்கானிக் பையன் 'அண்ணாச்சி, அரைக்கால் இஞ்ச் நிப்பிள் ஒண்ணு, டேப் ஒண்ணு குடுங்க' என்று கேட்பான். நாமும் எடுத்துக் கொடுத்துவிடுவோம். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'தம்பி, இது எங்கே அடைக்கிற மரை?' என்பதே அந்தக் கேள்வி. இது ஒன்றைக் கேட்டுப் பழகினால் திரும்பி வரும் சரக்கில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அடைக்கும் இடம் மூன்று

திருகிப் பொருத்தும் எந்த இணைப்பானாலும் எண்ணெயோ காற்றோ தண்ணீரோ வெளியே வராமல் தடுக்கும் இடம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, மரையே அடைப்பது. இந்த வகையில் மரை நுனியில் சிறுத்தும் அடியில் பெருத்தும் இருக்கும். உள்ளே போகப் போக ஆப்பு அடித்தது போல இறுகும். இதன் சரிவு 16-க்கு 1, அதாவது நீளத்தில் 16 மி.மீ. போனால் விட்டம் 1 மி.மீ. கூடும். நம் பழைய கணக்கில் சொன்னால் ஒன்றுக்கு ஒரு வீசம். டேப், சணல், பசை எல்லாம் இந்த ஒரு வகைக்காகவே ஏற்பட்டவை.

இரண்டாவது, முகம் அடைப்பது. மரை நேராக, ஒரே பருமனாக இருக்கும். போல்ட்டின் தலைக்கடியில் ஒரு செம்பு வாஷரோ, அலுமினிய வாஷரோ, நடுவில் ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷரோ இருக்கும். அடைப்பது அந்த வாஷர். மரை வெறுமனே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆயில் டிரெயின் பிளக், டீசல் லைனில் வரும் பேஞ்ஜோ போல்ட் ஆகியவை இந்த வகை.

மூன்றாவது, கூம்பு அடைப்பது. குழாயின் முனையைப் பூப்போல விரித்து, எதிரே உள்ள கூம்பின் மேல் உட்கார வைத்து நட்டால் இறுக்குவார்கள். பிரேக் பைப்பும், கிட்டில் வரும் ஸ்டீல் வலை போட்ட ஹோஸ்களும் இப்படித்தான். இங்கேயும் மரைக்கு அடைக்கும் வேலை கிடையாது.

இது தெரிந்தால் ஒரு விஷயம் விளங்கும். இரண்டாவது, மூன்றாவது வகைகளில் மரை முழுக்க டேப் சுற்றினாலும் பயனில்லை. வாஷர் தேய்ந்திருந்தால் வாஷரை மாற்ற வேண்டும். கூம்பில் கீறல் விழுந்திருந்தால் பைப்பை மாற்ற வேண்டும். டேப்பைச் சுற்றுவது கூரையில் ஓட்டை இருக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது போலாகும். ஆனால் நம் பக்கத்தில் 'ஒழுகுதா, ரெண்டு சுத்து டேப் போடு' என்பதே எல்லாவற்றுக்கும் மருந்தாக இருக்கிறது.

அங்குலம் என்ற பெயரும் உண்மை அளவும்

அரை இஞ்ச் பிட்டிங்கை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வெளிமரை ஏறக்குறைய 21 மி.மீ. இருக்கும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. தானே என்று புதிதாக வேலைக்கு வந்த பையன் குழம்புவான். பைப் மரையில் சொல்லப்படும் அங்குலம் மரையின் அளவல்ல, அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துவாரத்தைக் குறித்த பெயர். குழாயின் கனம் காலப்போக்கில் மாறியது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அரைக்கால் இஞ்ச் (ஒரு நூல்) மரையின் வெளி அளவு 9.7 மி.மீ., கால் இஞ்ச் 13.2, மூன்று நூல் 16.7, அரை இஞ்ச் 21, முக்கால் 26.4, ஒரு இஞ்ச் 33.2 மி.மீ. இந்த ஆறு எண்களையும் ஓர் அட்டையில் எழுதி கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்தால் போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மேலே சொன்னது பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் பைப் மரை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை முறையிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை என்றிருந்ததாம். அவர் மரையின் கோணத்தை 55 டிகிரி என்று நிலைப்படுத்தினார். நம் நாட்டுக் குழாய்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே. இந்தியத் தர அமைவனம் இதை இரண்டு தரக்குறிப்புகளில் பிரித்து வைத்துள்ளது. மரையே அடைக்கும் வகைக்கு ஐ.எஸ். 554, மரை அடைக்காத நேர் வகைக்கு ஐ.எஸ். 2643. பிட்டிங்கின் மேலோ பெட்டியின் மேலோ ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் முதல் வகை, 'ஜி' என்று இருந்தால் இரண்டாம் வகை. அதாவது 'எங்கே அடைக்கிறது' என்ற கேள்விக்குப் பதில் அந்த ஓர் எழுத்திலேயே இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. அவர்களுடைய என்.பி.டி. மரையும் அதே 16-க்கு 1 சரிவுதான், ஆனால் கோணம் 60 டிகிரி. ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதும் பல அளவுகளில் வேறு. கால் இஞ்சில் பிரிட்டிஷ் 19, அமெரிக்கன் 18. ஒரு இஞ்சில் 11-க்கு எதிரே பதினொன்றரை. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் மட்டும் இரண்டும் 14. இந்த இரண்டு அளவுகளில்தான் ஏமாற்றம் அதிகம். மரை எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் நன்றாகவே ஏறும், இறுகும், கைக்குச் சரியாக இருப்பதாகத் தோன்றும். கோணமும் பருமனும் ஒவ்வாததால் மரைக்கும் மரைக்கும் நடுவே சுருள் சுருளாக ஒரு சந்து இருக்கும். அழுத்தம் வந்ததும் எண்ணெய் அந்தச் சந்து வழியே நடந்து வெளியே வந்துவிடும்.

ஒரு நூல் பிட்டிங்கில் மூன்று சாதி

வண்டி வேலையில் அதிகம் புழங்குவதும் அதிகம் கெடுவதும் அரைக்கால் இஞ்ச். எஞ்சின் பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் மாட்டியிருக்கும் துவாரம் பெரும்பாலும் இந்த அளவுதான். கிட் மாட்டுகிறவர்கள் அந்த சுவிட்சைக் கழற்றி, அங்கே ஒரு 'டீ' போட்டு, ஒரு பக்கம் சுவிட்சையும் மறுபக்கம் டர்போவுக்குப் போகும் ஆயில் லைனையோ மீட்டரையோ இணைப்பார்கள். வேலை எளிது. ஆனால் அந்தத் துவாரத்தின் மரை எந்தச் சாதி?

ஜப்பான் வழி வந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வகைக் குறுகு மரை, அங்குலத்துக்கு 28. அமெரிக்கத் தயாரிப்பு மீட்டர்களிலும் கிட்களிலும் என்.பி.டி., அங்குலத்துக்கு 27. ஐரோப்பிய வழி எஞ்சின்களில் பெரும்பாலும் எம் 10, அதாவது 10 மி.மீ. பருமன், 1 மி.மீ. இடைவெளி. மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்றின் வெளிமரையை இன்னொன்றின் உள்மரையில் வைத்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்று தாராளமாகப் போகும். பிறகு இறுகும். 'சரி, குறுகு மரைதானே, இறுகத்தானே செய்யும்' என்று பானாவைப் போட்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது கதை. பித்தளை நிப்பிளாயிருந்தால் மரை நசுங்கும். இரும்பு நிப்பிளும் அலுமினிய உடம்புமாக இருந்தால் உடம்பின் மரை அறுந்துபோகும், அல்லது விரிசல் விடும். நூறு ரூபாய் சாமானுக்காக எஞ்சினைக் கீழே இறக்க வேண்டி வரும்.

எப்படித் தெரிந்துகொள்வது? வெளி அளவை மட்டும் நம்பக் கூடாது. குறுகு மரையில் நுனியில் அளந்தால் ஒரு கணக்கு, அடியில் அளந்தால் ஒரு கணக்கு. மரையின் இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். பத்து இடைவெளியின் நீளம் பிரிட்டிஷ் வகையில் 9.1 மி.மீ., அமெரிக்க வகையில் 9.4, மெட்ரிக்கில் 10. இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே விசிறி போல விரியும் பிட்ச் கேஜ் விற்கிறார்கள். 28 என்று எழுதிய தகட்டை மரையின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சரியானதாயிருந்தால் வெளிச்சம் எங்கும் ஊடுருவாது. 27-ஐ 28-ன் மேல் வைத்தால் நடுவில் பொருந்தி ஓரத்தில் விலகி நிற்கும். விலை அதிகமில்லாத கருவி. பிட்டிங் விற்கிறவர் மேசையில் தராசு இருப்பது போல இதுவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேஜ் இல்லாத இடத்தில் ஒரு குறுக்கு வழி. உறுதியாகத் தெரிந்த ஒரு பிட்டிங்கை மாதிரியாக வைத்துக்கொண்டு, வந்திருக்கும் சாமானின் மரையோடு முதுகுக்கு முதுகாகச் சேர்த்துப் பிடியுங்கள். பல்லும் பல்லும் முழு நீளத்துக்கும் கோர்த்து உட்கார்ந்தால் ஒரே இடைவெளி. கோணம் மட்டும் இதில் தெரியாது. ஆகவே அரை, முக்கால் இஞ்சுக்கு இந்த வழி உதவாது.

மரை பொருந்தாதபோது சரியான அடாப்டர் ஒன்றைத் தேடி வாங்குவதே வழி. கையிருப்பில் இருக்கும் இரண்டு மூன்று புஷ்ஷையும் நிப்பிளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளவுக்குக் கொண்டுவருவதைப் பார்க்கிறோம். ஒவ்வோர் அடுக்கும் ஒழுகுவதற்கு இன்னொரு வாசல். அதற்கும் மேலே, எஞ்சின் நடுங்கும்போது நீண்டு தொங்கும் அந்தப் பித்தளைக் கோபுரம் அடியில் ஒடிந்துவிடும். மீட்டர் லைன்களில் இது அடிக்கடி நடக்கிறது.

டேப் போடும் முறை

வெள்ளை டேப் என்று நாம் விற்பது பி.டி.எஃப்.இ. என்ற பொருள். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் வேறு ஆராய்ச்சி செய்யும்போது தற்செயலாகக் கிடைத்தது. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுவதும் இதே சரக்குதான். 260 டிகிரி வரை சூடு தாங்கும், எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் கரையாது. இந்த வழுக்கும் குணத்தால் குறுகு மரை இன்னும் கொஞ்சம் உள்ளே ஏறி இறுகுகிறது. சந்தையும் அது நிரப்புகிறது. ஆனால் அது பசையல்ல, பொருந்தாத மரையைப் பொருத்தும் மந்திரமும் அல்ல.

சுற்றும் திசை முக்கியம். மரையின் நுனி நம் முகத்தைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்புறம் சுற்றினால் திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். நுனியில் முதல் இரண்டு மரையை வெறுமையாக விட வேண்டும். இரண்டு மூன்று சுற்று போதும். திருகி இறுக்கிய பிறகு 'எல்போ நேராக நிற்கவில்லை' என்று கொஞ்சம் பின்னால் தளர்த்தினால் அடைப்பு அங்கேயே போயிற்று. கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகச் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

தண்ணீர்க் குழாயில் டேப்பின் ஒரு துணுக்கு உள்ளே போனால் குழாய் வாயில் சிக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். டர்போவுக்குப் போகும் ஆயில் லைனில் அதே துணுக்கு போனால் விஷயம் வேறு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது பேரிங்குக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் வரும் துவாரம் மிகச் சிறியது. அதில் ஒரு இழை டேப் அடைத்தால் எண்ணெய் நின்று, சில நொடிகளில் பேரிங் கருகும். இதனால்தான் டர்போவின் எண்ணெய் வரும் வாயில் டேப்போ கேஸ்கெட் பசையோ போட வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். மெக்கானிக்குகள் 'அனபாண்ட்' என்று பொதுப்பெயராகவே சொல்லும் சிலிக்கோன் பசைக்கும் இது பொருந்தும். தட்டையான கவர்களுக்கு அது நல்ல சரக்கு. மரையில் பூசினால் உள்பக்கம் பிதுங்கும் பகுதி ரப்பர் மணியாக உறைந்து, பின்பு உதிர்ந்து எண்ணெயோடு பயணம் போகும். பெட்ரோல் பட்டால் சிலிக்கோன் ஊறிப் பெருத்தும் போகும்.

இன்னொன்றும் உண்டு. ஒற்றைக் கம்பி உள்ள ஆயில் பிரஷர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. மரையில் கனமாக டேப் சுற்றினால் எர்த் அறுந்து, மீட்டர் தப்பாகக் காட்டும் அல்லது காட்டவே காட்டாது. 'மீட்டர் போலி' என்று சண்டைக்கு வருவார்கள்.

எண்ணெய், டீசல் லைனில் மரையே அடைக்கும் இடங்களுக்கு ஏற்றது, காற்றில்லாமல் உறையும் திரவப் பசை. 1953-ல் வெர்னன் கிரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் உருவாக்கியது, லாக்டைட் என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. காற்றுப் படும் வரை திரவமாகவே இருக்கும். உலோக மரைகளுக்கு நடுவே காற்றில்லாத இடத்தில் அகப்பட்டதும் உறைந்து கெட்டியாகும். ஆகவே உள்ளே பிதுங்கிய துளி உறையாமல் எண்ணெயில் கரைந்து போய்விடும், துவாரத்தை அடைக்காது. மரையில் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்துப் பூச வேண்டும். உறைய நேரம் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் பயன்படுத்தக் கூடாது, சில பிளாஸ்டிக் வெடிப்பு விடும்.

வாஷரும் கூம்பும்

பேஞ்ஜோ போல்ட்டுக்கு இரண்டு வாஷர் வேண்டும், கண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று மட்டும் கேட்டு வாங்குகிறவரிடம் இன்னொன்றையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் கெட்டிப்பட்டுவிடும். புதிது மாற்றுவதே சரி. மலையில் அகப்பட்டுக்கொண்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் மெதுவாகும், ஊர் வந்து சேர அது போதும். அலுமினிய வாஷருக்கு இந்த வித்தை செல்லாது. காய்ச்சினால் உருகிவிடும்.

கூம்பு வகையில் கோணம் பார்க்க வேண்டும். கிட்களில் வரும் ஹோஸ்களுக்கு ஏ.என். என்று ஓர் எண் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த அளவு அது. அந்த எண் நமக்குப் பழக்கமான வீசக் கணக்குதான். 4 என்றால் 4 வீசம், அதாவது குழாய் கால் இஞ்ச். 6 என்றால் மூன்று நூல். 8 என்றால் அரை. இதன் கூம்பு 37 டிகிரி. ஆனால் செம்புக் குழாயை விரிக்கக் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஃபிளேரிங் கருவி பெரும்பாலும் 45 டிகிரி. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஓரத்தில் கோடு போல மட்டும் தொடும். இறுக்க இறுக்கக் குழாயின் உதடு கிழியும்.

பிரேக் லைனைப் பற்றி ஒரே வார்த்தை. அதில் டேப்பும் கிடையாது, பசையும் கிடையாது, அடாப்டரும் கிடையாது. வண்டிக் கம்பெனி பைப்பே மாட்ட வேண்டும். காஸ் கிட் வேலையும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மட்டுமே.

அழுத்தத்தோடு எண்ணெய் போகும் லைனில் ரப்பர் ஹோஸைச் செருகி சாதாரணக் கிளிப் போட்டு இறுக்குவதும் கூடாது. காலையில் குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதுதான் அழுத்தம் மிக அதிகம். மலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டிலேயே ஹோஸ் கழன்றுகொள்ளும்.

மாட்டிய பிறகு

எல்லாம் மாட்டி முடித்தபின் இணைப்புகளைத் துணியால் நன்றாகத் துடைத்து, நம் கடையில் விற்கும் சாதாரண முகப் பவுடரை மேலே தூவுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஒழுகும் இடத்தில் பவுடர் ஈரமாகிக் கோடு காட்டும். டர்போ காற்றுக் குழாய்க்குச் சோப்பு நீர், குமிழி வந்தால் கசிவு. பிறகு சரக்கு ஏற்றாமல் ஒருமுறை மலையேறி இறங்கி, எஞ்சின் ஆறியபின் ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கே மூட்டை ஏற்றுவது சரியல்ல.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மீட்டர் மாட்டுவது வேறு, எஞ்சினின் சக்தியையே மாற்றுவது வேறு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஆகவே டர்போ கிட் விஷயத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பணம் போடுவதே நல்லது.

கடைக்காரர் கவனத்துக்கு

பிரிட்டிஷ், அமெரிக்கன், மெட்ரிக் மூன்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். கொள்முதல் செய்யும்போதே பில்லில் மரையின் பெயரை எழுதி வாங்குங்கள். 'பித்தளை நிப்பிள் அரைக்கால், 1 டஜன்' என்று மட்டும் வரும் பில் எதற்கும் உதவாது. தனித்தனி டப்பா, டப்பா மேல் பெயிண்டில் பெயர், உள்ளே நூலில் கட்டிய ஒரு மாதிரி இருக்கட்டும். திரும்பி வரும் சரக்கைப் பையன் பார்த்த டப்பாவில் போட்டுவிடுவான். ஒரு தப்புச் சாமான் உள்ளே விழுந்தால் அந்த டப்பா முழுவதையும் பிறகு நம்ப முடியாது. ஆகவே திரும்பி வந்தவற்றைக் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே போட வேண்டும். டேப் சுற்றிய தடமோ பானாக் கடியோ இருந்தால் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லிலேயே அச்சிட்டுவிடலாம்.

விற்கும்போது பழைய சாமானைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் அளவை நம்பிக் கொடுத்தால் 'நீங்கதான் கொடுத்தீங்க' என்பார்கள். நம் விற்பனை பில்லிலும் 'அரைக்கால், பி.எஸ்.பி. குறுகு மரை' என்று முழுமையாக எழுதினால் பேச்சுக்கே இடமில்லை. திராட்சைத் தோட்டத்துக்கு ஸ்பிரேயர், பைப் சாமான் வாங்குகிறவருக்கும் இது பொருந்தும். அவருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உள்மரையில் இரும்புக் குறுகு மரையை ஏற்றினால் ஆப்பு போலப் பிளந்துவிடும். பிளாஸ்டிக் வெளிமரை, உலோக உள்மரை என்பதே சரி.

டேப்பில் மட்டம் நிறைய வருகிறது. இழுத்தால் சல்லடையாகத் தெரியும் டேப்பை இரண்டு சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்றுச் சுற்றினாலும் நிற்காது. பொட்டலப் பொருள் விதிகள் 2011-ன்படி ரோலின் நீளம், தயாரிப்பாளர் பெயர், அதிகபட்ச விலை அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாததை விற்கும் கடைக்காரரும் பொறுப்பாளி ஆகிறார். திரவப் பசைப் பாட்டில் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று வாடிக்கையாளர் குறைப்பட்டால், மீதி இடத்தில் காற்று இருந்தால்தான் அது உறையாமல் இருக்கும் என்று விளக்குங்கள். இரண்டு அரைப் பாட்டில்களை ஒன்றாக்கி நிரப்பி வைக்கக் கூடாது. வெயில் படாத அலமாரியில், பழைய தேதி முன்னால் வருமாறு அடுக்குங்கள்.